மாதா படத்தருகே ஆயில் டப்பா

எழுபதுகளில் மணப்பாட்டுத் திருவிழாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு மீன்பிடி லாஞ்சில் போனேன். அதன் டிரைவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். எதையும் இரு விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். நான் கொடுத்த காப்பியைக்கூட. இஞ்சின் தேயாமலிருக்க இதைவிடச் சிறந்தது கிடையாதென்று ஒரு கப்பல் இஞ்சினியர் அவருக்குக் கொடுத்த சிந்தெடிக் ஆயில் டப்பா, சீல் உடையாமல் லாஞ்சிலிருந்த மாதா படத்தருகே பூச்சரத்தோடு இருந்தது.

பாதி வழியில் இஞ்சின் நீலப்புகை கக்கி இருமியது.

"அண்ணாச்சி, அந்த ஆயிலை ஊத்தலாமே?" என்றேன்.

"இஞ்சினு புதுசா இருக்கையில தேவப்படல. இப்ப தேஞ்சு போச்சு. இதுல ஊத்துனா நல்ல ஆயிலு வீணாப் போயிரும்லா."

சற்று நேரத்தில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பாய் விரித்து வந்த வள்ளம் ஒன்று எங்களைக் கட்டி இழுத்தது. அவரோ டப்பாவை மடியில் வைத்து, தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த லாஞ்சில் தேயாமல் இருந்தது அது ஒன்றுதான்.