பத்தியைப் படிக்காமல் விடை எழுதுவது எப்படி

நான் தமிழாசிரியை. கூத்தாநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தேன். பிள்ளைகளைப் படிக்க வைத்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அந்த ஒரு வருடம் நான் செய்தது அதுவல்ல. படிக்காமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். அதையும் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

எட்டாம் வகுப்புக்கு அடைவுத் தேர்வு என்று காலாண்டு விடுமுறை முடிந்த கையோடு சுற்றறிக்கை வந்தது. தமிழில் ஐந்து பத்திகள், பத்திக்கு ஐந்து கேள்விகள், கேள்விக்கு நாலு விடைகள். சரியான விடைக்குரிய வட்டத்தைப் பேனாவால் கருப்படிக்க வேண்டும். நாற்பது நிமிடம். மார்க் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வரும், பள்ளிக்கும் சேர்த்து வரும். முந்தைய வருடம் ஒன்றியத்தில் கடைசிக்கு முந்தின இடம் எங்களுடையது. அதற்காகத் தலைமையாசிரியையைக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்தார்களாம். அன்று திரும்பி வந்தவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாதும்மா. நீங்க என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது" என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கெஞ்சலாகச் சொன்னார்.

எட்டாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். அதில் பாதிப் பேருக்கு ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கவே பத்து நிமிடம் ஆகும். ஐந்து பத்தியை எங்கே படிப்பது? நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். முதலில் பத்திக்குப் போகாதே, கேள்விக்குப் போ. கேள்வியில் முக்கியமான சொல் எதுவோ அதன் அடியில் கோடு போடு. அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறதென்று விரலை ஓட்டித் தேடு. கிடைத்ததும் நிறுத்து. அந்த வரியில் விடை இருக்கும், கருப்படி, அடுத்த கேள்விக்குப் போ. தேடியும் கிடைக்கவில்லையா, 'இ' வட்டத்தைக் கருப்படித்துவிட்டுத் தாண்டு. தினமும் முதல் பாடவேளையில் இதைச் சேர்ந்து சொல்லச் சொன்னேன். "கேள்வியைப் பார், கோடு போடு, தேடு, நிறுத்து!" என்று பதினெட்டுக் குரல்களும் கத்தும். பக்கத்து வகுப்பு ஆசிரியை வந்து எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

ஒரே ஒரு பெண் மட்டும் மசியவில்லை. நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு வாங்கிப் பயிர் செய்கிறவரின் மகள். நாலு மா என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. அவள் உதட்டை அசைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பாள். படித்து முடித்ததும் கேள்விக்குப் போகாமல் என்னிடம் கேட்பாள். ஒரு பத்தியில் வெள்ளத்தில் மாட்டைத் தொலைத்த ஒருவர் கரையோரம் தேடிப் போவார். பத்தி அதோடு முடிந்துவிடும்.

"மாடு கிடைச்சுதா டீச்சர்?"

"அது கேள்வியில இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப உனக்கெதுக்கு? அடுத்ததுக்குப் போ."

இப்படி ஒரு மாதம் அவளை அதட்டினேன். கடைசியில் அவளும் வழிக்கு வந்தாள். வந்த பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. இரண்டு பத்தியுள்ள ஒரு பயிற்சித் தாளை ஆறே நிமிடத்தில் முடித்துப் பத்துக்குப் பத்து வாங்கினாள். அந்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவளை முன்னால் நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். அவளுடைய அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்குக் கூத்தாநல்லூருக்கு பஸ் ஏற வேண்டும். அதற்கு மேல் பெண்ணை அனுப்புவதா என்று தயங்கிக்கொண்டிருந்தவர்கள், அன்றைக்கு அங்கேயே அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி பஸ்ஸில் நின்றுகொண்டே ஊருக்கு வந்தேன்.

ஐப்பசி கடைசியில் அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். அந்தத் தெருப் பிள்ளைகளைக் கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஆறாவது நாள் பள்ளி விட்டதும் நானே போனேன்.

அப்பா வயல் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நேரடி விதைப்பு விதைத்த சம்பாப் பயிர் பச்சையாக நின்றது. அவருடைய நாலு மா மட்டும் வைக்கோல் நிறத்தில் இருந்தது. எனக்கு விவசாயம் தெரியாது, ஆனால் செத்துப்போன பயிரைக் கண்டுபிடிக்க விவசாயம் தெரிய வேண்டியதில்லை. பயிரோடு களையும் செத்திருந்தது.

"வாங்க டீச்சர்" என்று எழுந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"களை எடுக்க ஆள் கெடைக்கல. மருந்து அடிச்சுடலாம்னு கடைக்குப் போனேன். ஒரே கூட்டம். களைக்கொல்லின்னு கேட்டேன், எடுத்துக் குடுத்துட்டாங்க. எவ்வளவு ஊத்தணும்னு கேக்காம வந்துட்டேன். கூட தாள் ஒண்ணு இருந்துச்சு. நம்ம பாப்பாதான் இருக்காளேன்னு அவகிட்ட குடுத்துப் பாக்கச் சொன்னேன். டேங்குக்கு நூறு மில்லின்னா. அப்படியேதான் ஊத்தி அடிச்சேன்."

வீட்டுக்கு அழைத்துப் போனார். மாடத்தில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். பொடி எழுத்தில் ஏழெட்டு மொழிகள். தமிழ்ப் பகுதியில் முதல் வரி, பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலக்க வேண்டும் என்றது. அவர் மருந்தடிக்கத் தோளில் மாட்டும் டேங்க் பத்து லிட்டர்தான். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதற்கு மூன்று வரி தள்ளி, இந்த மருந்தை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தரிசு நிலத்திலும் மட்டுமே அடிக்க வேண்டும், பயிர் நிற்கும் வயலில் அடித்தால் பயிரும் கருகிவிடும் என்று இருந்தது. நான் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

அவள் கதவோரம் நின்றிருந்தாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"எவ்வளவு ஊத்தணும்னுதான் டீச்சர் அப்பா கேட்டாங்க. மில்லிங்கறத தேடினேன். கெடைச்சுது. நிறுத்திட்டேன்."

என்மேல் பழி போடுகிற எண்ணமே அவளிடம் இல்லை. நான் எப்போதும் கேட்பேனே, விடையை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று, அதற்குப் பதில் சொல்வது போலவே சொன்னாள். அவள் அம்மாதான் வெடித்தார்.

"பத்துக்குப் பத்துன்னு கைதட்டச் சொன்னீங்களே டீச்சர்! ஒரு தாள ஒழுங்காப் படிக்கத் தெரியல. பயிர் போச்சு. மறுபடி வெதைக்கப் பருவம் இருக்கா, தண்ணி இருக்கா? இவ படிச்சது போதும். எட்டோட நிக்கட்டும்."

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் மகள் முழுசாகப் படிக்கிறவள்தான், நிறுத்தச் சொன்னது நான், என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. வேறொன்று வந்தது.

"அடைவுத் தேர்வு வருதும்மா. அதுல எப்படி மார்க் வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்களேன். நல்ல மார்க் வந்தா ஒன்பதாவதுக்கு அனுப்புங்க."

"பாக்கலாம்" என்றார் அப்பா.

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "கடைக்காரன் மாத்திக் குடுத்தா நாம என்னம்மா பண்ண முடியும்?" என்றார். அந்தச் சமாதானத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தாள். வந்தவள் பழையபடி முதல் வரியிலிருந்து படித்தாள். முன்பைவிட மெதுவாக. ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து, வரி முடிந்ததும் திரும்ப அதே வரிக்குப் போய், பிறகுதான் அடுத்த வரிக்கு வந்தாள். மற்ற பிள்ளைகள் மூன்று பத்தி முடிக்கிற நேரத்தில் இவள் ஒன்றை முடித்தாள். வேகமாகப் போ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்படியே படி என்று சொல்லவும் தைரியம் இல்லை. எரிச்சல் மட்டும் வந்தது. அவள்மேல் எரிந்து விழுவதற்காகவே அவள் நோட்டில் வேறு குறைகள் தேடினேன். இதை எழுதவே கூசுகிறது.

தேர்வு நாளன்று வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் கண்காணிப்பாளராக வந்தார். நான் வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். கத்திப் பழகிய பிள்ளைகள் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. மணி அடித்தது. கண்காணிப்பாளர் விடைத்தாள்களை வாங்கத் தொடங்கினார். பாதியில் அவரைத் தலைமையாசிரியை டீ குடிக்கக் கூப்பிட, "பதிவு எண்ணெல்லாம் சரியா போட்டிருக்காங்களான்னு பாத்து மிச்சத்த வாங்கி வைங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பினேன். அவள் மூன்றாவது பத்தியில் இருந்தாள். பதினொரு வட்டங்கள் கருப்படித்திருந்தன. பதினாலு காலி.

"பேனாவக் குடு" என்றேன்.

கொடுத்தாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேள்வியைப் பார்ப்பதும் சொல்லைத் தேடுவதும் கருப்படிப்பதுமாகப் பறந்தேன். கடைசிப் பத்திக்கு வந்தபோது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தேடக்கூட நேரமில்லை, கைக்கு வந்த வட்டங்களைக் கருப்படித்தேன். இதை அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்கிறேன், அவள் ஒன்பதாவது போக வேண்டும் என்றுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றியக் கூட்டத்தில் நின்ற தலைமையாசிரியையின் முகமும் கூடவே நினைவுக்கு வந்ததை மறைத்துப் பயனில்லை.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க படிக்கவே இல்லையே டீச்சர்" என்றாள், மெதுவாக.

நான் தாளை அடுக்கில் சேர்த்துவிட்டு, வெளியே போகச் சொன்னேன்.

விடைக்குறிப்பு வெளியானபோது என்னிடமிருந்த வினாத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அவள் எதை எதைக் கருப்படித்திருந்தாள் என்பது கண்ணை மூடினாலும் எனக்குத் தெரியும். அவள் எழுதிய பதினொன்றும் சரி. நான் எழுதிய பதினாலில் ஒன்பதுதான் சரி. ஒன்றியத்தில் எங்கள் பள்ளி நாலாவது இடம். தலைமையாசிரியைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை அவர் எனக்குப் போர்த்திவிட்டார். மதியம் எல்லோருக்கும் கேசரி.

மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். அப்பா அந்தப் பயிர் போன பிறகு மன்னார்குடிப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று வீட்டில் இருந்தார்.

"இருபத்தஞ்சுக்கு இருபது. வகுப்புலயே அதிகம்" என்றேன்.

அம்மா தாளை வாங்கி, திருப்பிப் பார்த்து, அப்பாவிடம் கொடுத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவின் முகம் இளகியதைப் பார்த்தேன். "அப்ப அனுப்பிடலாமா?" என்றார், கணவரைப் பார்த்து.

"அது என் மார்க் இல்லம்மா" என்றாள் அவள். "நான் பதினொண்ணுதான் எழுதினேன். மிச்சத்த டீச்சர் போட்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தார். "இருபத்தஞ்சுக்குப் பதினொண்ணா?" என்று மட்டும் கேட்டார். மகளிடம் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா தெரியவில்லை.

நான் பதில் சொல்லியிருக்கலாம். அவள் தொட்ட பதினொன்றிலும் ஒன்றுகூடத் தப்பில்லை, எங்கள் பள்ளியில் உண்மையாகப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான், தப்பெல்லாம் நான் போட்டது, என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் நான் செய்ததை என் வாயால் ஒப்புக்கொண்டதாகும். அப்பா தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பரவால்ல டீச்சர், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க" என்றார். நான் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவள் ஒன்பதாவது சேரவில்லை. இப்போது திருவாரூரில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்வி. அவள் எழுதியதெல்லாம் சரி என்பது அந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.