சிவப்பு மூடிச் சொட்டு

அக்காவுக்கு முதலில் வந்தது வெறும் கண் உறுத்தல். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது தூசி விழுந்து இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. கழுவிவிட்டு ஒருநாள் பொறுத்திருந்தால் போயிருக்கும். நான் சொட்டு ஊற்றினேன். இன்று அவளுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை.

உங்கள் வீட்டு ஐஸ் பெட்டியிலும் யாரோ பாதி ஊற்றி மிச்சம் வைத்த கண் மருந்து இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தச் சொட்டு எனக்குக் கொடுத்தது. எனக்கு ஐரைட்டிஸ் (கருவிழித் திரையில் வரும் அழற்சி) வந்திருந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அட்ரோபின் கொடுத்தார்கள். கண்ணின் பாப்பாவை (நடுவில் ஒளி நுழையும் கருந்துளை) விரிய வைக்கும் மருந்து அது. சிவப்பு மூடி. மருந்து கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், “ஜாங்கான் கொங்சி, பாக்சிக்” என்றாள். யாரோடும் பங்கு போடாதீங்க, மாமா என்று அர்த்தம். தலையாட்டினேன்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கண் நோய் பரவினால், டிரெசர் (தோட்ட மருந்தகத்தில் மருந்து கொடுப்பவர்) ஒரே குப்பியோடு லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஒரு கோடியில் தொடங்கி மறு கோடிவரை ஊற்றிக்கொண்டே போவார். நோய் வந்தவன், வராதவன் எல்லார் கண்ணிலும். கண் சொட்டு என்றால் ஒரே மருந்துதான் என்று எங்கள் தலையில் ஏறியது அப்படித்தான். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள், லயமும் இடிந்துவிட்டது. அந்தப் புத்தி மட்டும் போகவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா கேட்டாள். “டேய் தம்பி, ஒன் சொட்டு இருக்குல்ல? கொஞ்சம் ஊத்து லா.”

“எந்தக் கண்ணுல?”

“ரெண்டுலயும்தான். ஒன்னுல ஊத்துனா இன்னொன்னு கோவிச்சுக்கும்.”

சிரித்தோம். ஊற்றினேன்.

மதியம் தலை இடிக்கிறது என்றாள். சாயங்காலம், “லைட்ட சுத்தி கலர் கலரா வளையம் தெரியுதுடா” என்றாள். “ஒனக்குத் தீபாவளி சீக்கிரமே வந்துருச்சு” என்று கேலி செய்துவிட்டு இன்னொரு முறை ஊற்றினேன்.

மறுநாள் வாந்தி எடுத்தாள். டவுன் கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வேற மருந்து ஏதும் போட்டாங்களா?” என்று கேட்டார். குப்பி என் சட்டைப் பையில் இருந்தது. கவுண்டர் பெண் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“இல்ல டாக்டர்” என்றேன்.

திட்டு வாங்கப் பயம். ஐம்பத்தெட்டு வயதில். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

திங்கள் காலை, “லைட்ட போடுடா” என்றாள். விடிந்து வெகு நேரமாகியிருந்தது. சன்னல் இரண்டும் திறந்து கிடந்தன.

ஈப்போ ஆஸ்பத்திரியில் இளம் தமிழ் டாக்டர் ஒருத்தி டார்ச் அடித்துப் பார்த்தாள். “பாப்பா ரெண்டும் விரிஞ்சே நிக்குது. என்ன சொட்டு போட்டீங்க, அங்கிள்?” குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன். திருப்பிப் படித்தாள்.

“இதுல இருக்கிறது அவங்க பேரு இல்லையே.”

“என் பேரு.”

சிலருக்குக் கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழி பிறவியிலேயே குறுகலாக இருக்குமாம். பாப்பா விரியும்போது கருவிழித் திரை சுருங்கிப் போய் அந்த வழியை அடைத்துவிடும். நீர் தேங்கி அழுத்தம் ஏறும். இது திடீர் கிளாக்கோமா (அழுத்தத்தால் பார்வை நரம்பு சாகும் நோய்). அக்காவுக்கு அந்த வழி குறுகல். அது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“நேத்தே வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“இடது கண்ணையும் காப்பாத்த வாய்ப்பு இருந்திருக்கும்” என்றாள். ஆறுதலுக்காகவாவது அவள் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அழுத்தம் இறங்க ஊசி, மாத்திரை, சொட்டு எல்லாம் கொடுத்தார்கள். பிறகு லேசரால் இரண்டு கண்ணின் திரையிலும் சிறு துளை போட்டார்கள். வலது கண் தப்பியது.

லேசர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “அன்னைக்கி கிளினிக்ல நீயாவது சொல்லியிருக்கலாம்லக்கா?”

“ஒன்னத் திட்டுவாங்கல்ல” என்றாள்.

சொட்டின்மேல் பழி போட ஒன்றுமில்லை. அதே சொட்டுதான் என் கண்ணைக் காப்பாற்றியது. கண்ணைச் சோதிக்கும்போதும் பாப்பாவை விரிக்கத்தான் செய்வார்கள். அதற்கு முன்னால் வடிகால் வழி குறுகலா என்று பார்ப்பார்கள். பார்த்தார்களா என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். வீட்டில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் சொல்லுங்கள். ஊற்றிய பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் குத்தும். மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள். கண் வலித்து வாந்தி வந்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். குப்பியில் வேறு பெயர் இருந்தால் தொடாதீர்கள். டாக்டர் கேட்டால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுங்கள். என்னைப் போல் மென்று முழுங்காதீர்கள்.

என் கண்ணின் பாப்பா சில வாரங்களில் பழைய அளவுக்கு வந்துவிட்டது. முகம் மழிக்கும்போது கண்ணாடியில் அதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அக்கா தேத்தண்ணியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுகிறாள். இடது பக்கம் மாடு வந்து நின்றால் திடுக்கிடுகிறாள். தெரியும் கண்ணுக்கும் ஆயுசுக்கும் சொட்டு உண்டு. காலை ஏழு, மாலை ஏழு. எங்கள் இரண்டு பேருக்கும் நாள் என்பது இப்போது அவ்வளவுதான்.

ஊற்றுவது நான்தான். வேறு ஆள் இல்லை. முன்பு, “ஊத்து” என்று உடனே முகத்தைக் காட்டியவள், இப்போது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

“மூடி என்னா கலரு?”

“மஞ்ச.”

“யாரு பேரு போட்டிருக்கு?”

“ஒன் பேருதான்கா.”

வலது கண்ணுக்கு மூடி நன்றாகவே தெரியும். இருந்தும் கேட்கிறாள், இரண்டு வேளையும். நான் பதில் சொன்ன பிறகுதான் தலையை அண்ணாந்து காட்டுகிறாள்.