டிரைவருக்குப் பக்கத்து சீட்

அவள் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறவள். எங்கள் ஷோரூமில் மேனேஜரில் ஆரம்பித்துத் தச்சர் வரை எல்லோருக்கும் அலமாரி அக்கா. அளவெடுக்க எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறையைப் பார்க்க மாட்டாள், சமைக்கிற ஆளைத்தான் பார்ப்பாள். உயரம் எவ்வளவு, கை எதுவரை எட்டும், குனிந்தால் முதுகைப் பிடித்துக்கொள்கிறாரா என்று கவனித்துவிட்டு அப்புறம்தான் டேப்பை எடுப்பாள். வேலையில் கெட்டிக்காரி. பொறாமையில் அதைவிடக் கெட்டிக்காரி. பக்கத்து மேசையில் பில் போடுகிற எனக்குப் புது நாற்காலி வந்த வாரம் முழுக்க அவளுக்கு முதுகு வலித்தது.

அந்தப் பொறாமை உச்சத்துக்குப் போவது தம்பி விஷயத்தில். தம்பி வேறு ஊரில் வேலை பார்க்கிறான். போன் செய்தால் "ம்", "சரி" என்பதோடு சரி. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் அவரவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு லாரி விளையாட்டு ஆடுவார்கள். மலைப்பாதையில் சரக்கு கொண்டுபோக வேண்டும். தம்பி ஸ்டியரிங் பிடிப்பான். பக்கத்து சீட்டில் இவள் மேப்பைப் பார்த்து வழி சொல்வாள். மேப் அந்த சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். லாரி ஓட ஓடத்தான் தம்பி லேப்டாப் மைக்கில் வாயைத் திறப்பான். ஆபீசில் திட்டு வாங்கியது, பல்வலி, பெண் பார்த்தது எல்லாம் அந்த கேபினுக்குள் வைத்துத்தான் அக்காவிடம் சொன்னான். லாரியில் சீட் இரண்டே இரண்டு.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. வந்த பெண் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறவள். கொஞ்ச நாளில் அவளே அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, என் லேப்டாப் உயிரை விட்டுடுச்சு. எதை வாங்கறதுன்னு இவரைக் கேட்டா, 'அக்காவைக் கேளு, அவ இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவ'ங்கறார். கிளாஸ் எடுக்கணும், கொஞ்சம் கேமும் ஆடணும்."

"கேமா? என்ன கேம்?"

"அதான், நீங்க ரெண்டு பேரும் ஆடற லாரி கேம்!"

மறுநாள் அக்கா என் மேசைக்கு வந்து பொருமித் தீர்த்தாள். "வீட்டுல பக்கத்துல உக்கார்றா. கார்ல பக்கத்துல உக்கார்றா. லாரியிலயும் வந்து உக்காரணுமா? நான் எங்க போறது, பின்னாடி மூட்டை மேலயா?"

லேப்டாப்பில் இரண்டு கட்சி உண்டு, கொடி மட்டும்தான் இல்லை. வெள்ளிக் கட்சி ஒல்லியானது. சத்தம் போடாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க நிற்கும், கையில் வைத்திருந்தாலே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த லாரி அதில் ஓடாது. அந்தக் கட்சிக்கென்று அந்த விளையாட்டு வரவே இல்லை. கறுப்புக் கட்சியோ கனம். விசிறி இரையும், சார்ஜர் செங்கல் சைஸ். ஆனால் அலமாரிப் படமானாலும் சரி, லாரியானாலும் சரி, எதற்கும் முகம் சுளிக்காது. அக்காவிடமும் தம்பியிடமும் இருப்பது கறுப்பு. பாடமும் வேண்டும், லாரியும் வேண்டும் என்று ஒருத்தி கேட்டால் எதைச் சொல்ல வேண்டும் என்பது அக்காவுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும்.

ஆனால் அவள் ஷோரூம் வித்தையை எடுத்தாள். வாடிக்கையாளருக்கு நாங்கள் எப்போதும் மூன்று பலகை காட்டுவோம். விற்க வேண்டியதை நடுவில் வைத்து, ஒரு பக்கம் மட்டமானதையும் மறுபக்கம் யானை விலையில் ஒன்றையும் வைத்தால் கை தானாக நடுவுக்குப் போகும். அப்படியே தம்பி மனைவிக்கும் மூன்று படம் அனுப்பினாள். இந்தப் பக்கம் ஒரு சொத்தைக் கறுப்பு, அந்தப் பக்கம் அம்மிக்கல் மாதிரி ஒரு கறுப்பு, நடுவில் வெள்ளி.

"கறுப்பு நல்லதுதாம்மா" என்று பொடி வைத்துப் பேசினாள். "என்ன, கிளாஸ்ல பிள்ளைங்களுக்கு உன் குரலைவிட விசிறி சத்தம்தான் நல்லா கேக்கும்."

"அப்போ வெள்ளியே வாங்கிடறேன். கேம் ஓடும்ல அண்ணி?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்றைக்கு அக்கா என் நாற்காலியைக்கூடப் பாராட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. "இது நியாயமா அக்கா?" என்றேன். "அவ பாடத்துக்கு அதான் பொருத்தம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளி போய்ச் சேர்ந்தது. சண்டை வரும் என்று அக்கா பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்த வாரம் ஒரு சாயங்காலம் தம்பி பெயரில் பச்சைப் புள்ளி எரிந்தது. அக்கா ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பும்போதே லாரி கேட்டில் இடித்தது.

"டேய், தூங்கி வழியறியா?"

"அண்ணி, நான்தான்."

அந்தப் பக்கம் சந்தோஷம் தாங்கவில்லை. "வெள்ளியில இது ஓடாதாமே. 'அக்காவுக்கு மறந்துபோயிருக்கும், நீ ஆசைப்பட்டியே'ன்னு அவரோட கறுப்பை எனக்குக் குடுத்துட்டு வெள்ளியை அவர் வெச்சுக்கிட்டார். ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போக லேசா இருக்காம். பாடத்துக்கும் இதுவே போதும் அண்ணி, விசிறி சத்தம் பிள்ளைங்களுக்குப் பழகிடுச்சு. இனிமே லாரியில நீங்களும் நானும்தான்!"

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. லேப்டாப்பை மூடிவிடலாம் என்று கையை வைத்தாள். அதற்குள் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலதில் பாலம், இடதில் பள்ளம். மேப் இவளிடம் மட்டும்.

"அண்ணி, இடதா வலதா?"

அந்தப் பக்கம் பின்னால் எங்கோ தம்பி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அங்கிருந்தே குரல் கொடுத்தான். "அக்கா சொல்ற பக்கம் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பு. அவ ஒரு நாளும் தப்பா வழி சொன்னதில்ல."

இதையெல்லாம் மறுநாள் டேப்பைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக என்னிடம் சொன்னாள். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"கடைசியில எந்தப் பக்கம் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இடதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வலதுன்னுதான் சொன்னேன்" என்றாள். "வயிறு எரியுதுதான், இல்லேங்கல. ஆனா லாரி கவுந்தா ஆட்டம் முடிஞ்சுபோகும். லாரி ஓடற வரைக்கும்தானே பின்னாடி அவன் பேசறது எனக்குக் கேக்கும்?"