அடைப்புக்குறியை வாயால் சொல்வது

2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். மனைவியின் இரண்டு கண்ணிலும் முதல் மருந்தை ஒவ்வொரு சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது மருந்தை விட்டேன். ஆறு மணிக்கு மதகில் நின்றேன். அளவுப் பலகையைப் பார்த்துவிட்டுப் பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்து, "ஒண்ணு, புள்ளி, ஆறு, அஞ்சு" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் அதையே திருப்பிச் சொன்னார். அவர் திருப்பிச் சொல்லாமல் நான் போனை வைப்பதில்லை. மதகை ஏற்றி இறக்குவதும், காலையும் மாலையும் நீர்மட்டம் சொல்வதும் பத்தொன்பது வருடமாக என் வேலை. இதுவரை ஒரு எண்ணைக்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை.

ஏழே காலுக்கு இட்லி. எட்டரைக்கு அவளை வண்டியில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். பன்னிரண்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை விடுப்பு சொல்லியிருந்தேன். அன்று இரண்டு பத்துக்குப் பத்தாம் வகுப்பில் அவள் பாடம் எடுக்கும்போது தலைமையாசிரியை வந்து உட்காரப் போகிறார்.

என் மனைவி இருபத்திரண்டு வருடமாகக் கணித ஆசிரியை. கும்பகோணத்துக்குக் கிழக்கே, கன்னியாஸ்திரிகள் நடத்துகிற உதவி பெறும் பள்ளி. கண் அழுத்த நோய் அவள் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்தது. பொங்கல் வரை நடுவில் ஒரு அப்பளம் அளவுக்குத் தெரிந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அதுவும் இல்லை. தஞ்சாவூர் டாக்டர், இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து, போனது வராது என்று சொல்லிவிட்டார்.

வேலை போகாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. சம்பளமும் குறையாது. போகப் போவது கணக்கு. வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் உட்கார வைப்பார்கள். அந்தப் பள்ளி நூலகம் இரண்டு பீரோவும் ஒரு மேசையும்தான். அதன் முன்னால் இன்னும் பதினோரு வருடம் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, "அதுக்குக் கண்ணோட சேர்த்து மத்ததும் போயிருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து மாத்திரை டப்பாவை நான்தான் எடுத்து வைக்கிறேன்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் ஒரு மாணவியைக் கரும்பலகை முன்னால் நிறுத்தி, இவள் சொல்லச் சொல்ல எழுத வைத்துப் பாடம் நடத்தினாள். சொன்னதெல்லாம் அவள் எப்போதும் சொல்வதுதான். "மைனஸ் பி ப்ளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏ சி பை டூ ஏ." இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் சொன்னாள். வேர்க்குறியின் மேல்கோடு எங்கே முடிகிறது, வகுக்கிற கோடு எவ்வளவு நீளம் என்பதை வாய் சொன்னதே இல்லை. அவள் கை போட்டுக் காட்டிவிடும். இப்போது எழுதுவது அவள் கை இல்லை. ஜூலைத் தேர்வில் பாதிப் பேர் வேரை பி ஸ்கொயரோடு நிறுத்திவிட்டார்கள். பலர் வகுக்கிற கோட்டை ஃபோர் ஏ சி-க்குக் கீழே மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்து தலைமையாசிரியையிடம், "டீச்சர் மேல குறை சொல்லல சிஸ்டர். எம்பொண்ணு பத்தாவதுல்ல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் வகுப்பில் வந்து உட்காருவதாகத் தலைமையாசிரியை சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி இதை என்னிடம் சொன்னாள். "வாயால கணக்குச் சொல்ல எனக்குத் தெரியலங்க" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கணக்கு எனக்கு வராது. ஆனால் பார்ப்பதைப் போனில் தப்பில்லாமல் சொல்வது என் தொழில். ஒரு நோட்டு வாங்கி, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற குறிகளை எல்லாம் எடுத்து எழுதினேன். முப்பத்தேழு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல். எது தொடங்கினாலும் அது முடிவதற்கும் ஒரு சொல். அடைப்புக்குறி தொடங்கினால் 'திற', முடிந்தால் 'மூடு'. வேர்க்குறிக்குக் 'கூரை', மேல்கோடு முடியும் இடத்தில் 'கூரை முடிந்தது'. பின்னத்துக்கு 'மேல்', 'கோடு', 'கீழ்', 'கோடு முடிந்தது'. அடுக்குக்குத் 'தலை', 'இறங்கு'.

முதல் நாள் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

"திற, மூடுன்னா? நான் டீச்சரா, மதகா?"

"மதகுல தப்பு வராது."

"ஊரே முழுகிடும்ல, வந்தா."

"வகுப்பும்தான் முழுகிக் கிடக்கு. சொல்லு."

பத்து நாள், தினமும் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை. நான் வாசிப்பேன், அவள் திருப்பிச் சொல்வாள். பிறகு அவள் சொல்வாள், நான் எழுதி வாசித்துக் காட்டுவேன். முதல் நாள் நாற்பது கணக்கில் இருபத்திரண்டு தப்பு. ஐந்தாம் நாள் ஆறு. எட்டாம் நாள் ஒன்று. ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் தப்பே இல்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பதினொன்றாம் தேதி, புதன்கிழமை இரண்டு மணிக்கு நான் வகுப்புக்கு வெளியே வராந்தாவில், ஜன்னல் ஓரமாக நின்றேன். தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முதல் வரிசையில் இருந்த மாணவி எழுந்து போய்ச் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக்கொண்டாள். ஒல்லியான பெண். தலைமையாசிரியையைத் திரும்பிப் பார்த்ததிலேயே அவளுக்குக் கை வேர்த்துவிட்டது தெரிந்தது. கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துச் சுண்ணாம்பைப் பிடித்தாள்.

என் மனைவி தொடங்கினாள். தெளிவான குரல். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"எழுதும்மா. எக்ஸ் ஈக்வல் டு. மேல். மைனஸ் பி, ப்ளஸ் ஆர் மைனஸ், கூரை, பி, தலை ரெண்டு, இறங்கு, மைனஸ் ஃபோர் ஏ சி, கூரை முடிந்தது. கோடு. கீழ். டூ ஏ. கோடு முடிந்தது."

ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வீட்டில்கூட அவ்வளவு சுத்தமாக அவள் சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தேன்.

அந்தப் பெண் 'மேல்' என்று தமிழில் எழுதியிருந்தாள். பக்கத்தில் மைனஸ் பி. பிறகு ப்ளஸ் ஆர் மைனஸ். பிறகு 'கூரை'. பிறகு பி, 'தலை 2'. எல்லாம் ஒரே வரியில், ரயில் பெட்டி மாதிரி. வேர்க்குறியும் இல்லை, வகுக்கிற கோடும் இல்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதியிருந்தாள். கேட்கப் பயம், பின்னால் தலைமையாசிரியை இருக்கிறார்.

சில பிள்ளைகள் கரும்பலகையை அப்படியே நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சிலர் எழுதாமல் என் மனைவியின் முகத்தையே பார்த்தார்கள்.

"எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேன் டீச்சர்."

"சரியா இருக்கா எல்லாருக்கும்?"

"இருக்கு டீச்சர்" என்று இருபது குரல் சேர்ந்து சொன்னது.

அவள் முகம் மலர்ந்தது. அடுத்த கணக்குக்குப் போனாள். எண்களைப் போட்டாள். திற என்றாள், மூடு என்றாள். வேகம் கூடியது, குரல் உயர்ந்தது. பழைய ஆசிரியை திரும்பி வந்துவிட்டாள் என்று அவள் நம்பியது கைகளை வீசிப் பேசியதிலேயே தெரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கரும்பலகை முழுக்கத் திற, மூடு, தலை, இறங்கு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய் நிறுத்தலாம். போய் என்ன சொல்வது? கூப்பிட வாயைத் திறந்தேன், மூடினேன். முப்பத்தைந்து நிமிடம் அப்படியே நின்றேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தப்பும் இல்லை. பத்து நாளும் சொன்னவள் அவள், கேட்டவன் நான். பிரிவு அலுவலகத்துக்காரருக்கு அளவுப் பலகை தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு என் நோட்டைப் பற்றி யார் சொன்னார்கள்? இது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்குத்தான்.

மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வாசலில் இரண்டு பையன்கள்.

"டேய், கூரையப் போடுடா, மழை வருது."

"ஓடா, கீத்தா?"

"தலைய எறக்குடா மொதல்ல."

சிரித்துக்கொண்டே ஓடினார்கள். உள்ளே மேசையைத் தடவிக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது. நான் பக்கத்தில் போனேன். என் செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"என்னங்க எழுதியிருக்கா அவ?"

நான் கைப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"போர்டுல என்ன இருக்குன்னு வாசிங்க."

வாசித்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒன்று விடாமல். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. கைப்பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

தலைமையாசிரியை எங்களைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். "டீச்சர், நீங்க சொன்னது எனக்கே பாதி புரியல. நான் அறிவியல்தான், இருந்தாலும் பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றார்.

"ஒரு வாரம் குடுங்க சிஸ்டர். பிள்ளைங்களுக்கும் பழக்கிடுறேன்."

"காலாண்டு அடுத்த வாரம். பப்ளிக் எக்ஸாம் எழுதுற பிள்ளைங்க. அவங்களுக்கு ரெண்டு பாஷை ஆகிடும் டீச்சர்."

"அப்ப ஆறாவது குடுங்க."

"ஆறாவதா?"

"ஆறாவது. அதுல கூட்டல், பின்னம்தான். ப்ளீஸ் சிஸ்டர். லைப்ரரியில மட்டும் வைக்காதீங்க."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் யாரிடமும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில், பத்தாம் வகுப்பை நாளையிலிருந்து வேறு ஆசிரியர் எடுப்பார், ஆறாம் வகுப்பு பற்றித் தாளாளரிடம் கேட்டுத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார். "கேக்குறேன். உறுதியா சொல்ல முடியாது" என்று இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வரும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாவுக்கு உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். எப்போதும் சேறு வாசனை வந்தால் எந்த இடம் என்று சொல்லிக்கொண்டு வருவாள். அன்று என் தோளைப் பிடித்திருந்த கையில் பிடியே இல்லை. விழுந்துவிடுவாளோ என்று இருபது கிலோமீட்டர் வேகத்திலேயே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கி நின்று சொன்னாள்.

"பத்து நாள்ல ஒரு நாள் ஒரு புள்ளையக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கலாம்."

"தோணலம்மா."

"எனக்கும் தோணல. எனக்குல்ல தோணியிருக்கணும்."

ஆறு மணிக்கு மதகுக்குப் போய்விட்டு வந்தேன். அவள் அதே நாற்காலியில் இருந்தாள். ஆறரை ஆனது. நோட்டை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பிடச் சொன்னேன், இரண்டு வாய் சாப்பிட்டாள். மருந்து விட்டேன். எட்டு மணிக்குப் படுத்துக்கொண்டாள்.

12-ஆம் தேதி, வியாழக்கிழமை. நாலரைக்கு நான் எழுந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பேப்பர் எடுங்க. நோட்டு வேணாம், வெறும் பேப்பர்" என்றாள். எடுத்தேன்.

"அந்த வார்த்தை எதுவும் சொல்ல மாட்டேன். பிள்ளைங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தையிலயே சொல்லப் பாக்குறேன். உங்களுக்குத் தெரிஞ்சத எழுதாதீங்க. என் வாயில வந்தத மட்டும் எழுதுங்க."

ஒரு பின்னத்தைச் சொன்னாள். அவள் நினைப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டு, கேட்டதை மட்டும் எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"தப்பா?" என்று கேட்டாள்.

"தப்பு" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அதன் பிறகுதான் பால் காய்ச்சப் போனேன்.