வெறும் வயிற்றோடு ஏறிய மலை

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் வேலை பார்க்கும் மகளிடம் ஒரு வாரம் தங்கி ஊர் சுற்றிப் பார்க்க, நானும் கணவரும் திண்டுக்கல்லில் இருந்து போயிருந்தோம். அங்கே மலை உச்சியில் ஒரு தேவாலயம்; ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அங்கே கிளம்பினோம். பூசைக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என் கணவர்.

"இது கொடைக்கானலவிட ஒசரம்ப்பா, கேபிள் கார்லயே போயிருவோம்" என்றாள் மகள்.

"நம்மூரு மலைக்கோட்டைய ஒரே மூச்சுல ஏறுறவன்டி நான்" என்று படியேறினார்.

பாதி வழியில் உதடு நீலம் பாரித்து என் மடியில் சரிந்தார். மகள் உதவிக்கு ஓடினாள். "என்னங்க, கண்ணத் தொறங்க" என்று கதறினேன். சுற்றி நின்ற யாருக்கும் என் பேச்சு புரியவில்லை. இவரைப் பெட்டியில் வைத்துத்தான் ஊருக்குக் கொண்டுபோவேனோ என்று அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மீட்புக் குழுவினர் வந்து ஆக்சிஜன் வைத்த பிறகே கண் திறந்தார்.

"பூசை முடிஞ்சிருச்சா?" என்றார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு இட்லி உள்ளே போனால்தான் அவரைக் கோயிலுக்கு விடுகிறேன். ஆண்டவர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.