ஷாமுராத் வீட்டுப் பெர்னோ

எங்கள் மலையில் நீளமாக இருக்கிற எந்தத் துப்பாக்கியும் பெர்னோதான். ஷா காலத்தில் ராணுவத்துக்கு வந்த துப்பாக்கிகளில் பொறித்திருந்த ஊர்ப்பெயர் அது. போகப் போக எல்லாத் துப்பாக்கிக்கும் அதுவே பெயராகிவிட்டது. இந்த ஒரு பெயரால் என் தங்கை புருஷன் ஷாமுராதின் குடும்பமே கொலைகாரக் குடும்பம் ஆகியிருக்கும்.

ஷாமுராத் நீல நிசான் வண்டியில் தக்காளி ஏற்றுகிறவன். ஆள் குள்ளம், வாய் நீளம். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு தேநீர் உறிஞ்சும்போதும் பேச்சு நிற்காது. சோளக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கிவிட்டது என்றால் தக்காளி அழுகினாலும் சரி, துப்பாக்கியோடு ஓடிவிடுவான். பன்றியை நாங்கள் தின்பதில்லை. கொல்லை பிழைத்தால் போதும்.

அவன் துப்பாக்கி ஒரு காலத்தில் போருக்குப் போனது. அவன் அப்பா அதைக் கர்மான்ஷா பட்டறையில் கொடுத்து, முன்கட்டையை அறுத்து, குழாயை ஒரு சாண் குறைத்து, கத்தி மாட்டும் கொக்கியை ராவித் தள்ளி, வேட்டைக்கு ஆக்கினார். ராணுவ முத்திரை இருக்கவேண்டிய மேல்பக்கத்தில் ஓர் இரும்புத் தட்டைத் திருகி, தூரம் பார்க்கும் கண்ணாடியை அதன்மேல் மாட்டியிருந்தார். பக்கவாட்டில் மட்டும் தேய்ந்துபோன எழுத்தும், அதன்கீழ் 1321 என்ற எண்ணும் தெரியும்.

அந்த எண்தான் வினை. எங்கள் கணக்கில் 1321 என்பது இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷம். அந்த வருஷம் கணவாய்ச் சாவடிக் காவலர் சஃபர்கானை யாரோ சுட்டுப்போட்டு, அவருடைய புத்தம்புது பெர்னோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஷாமுராதின் தாத்தா கரம்குதாவிடம் ஒரு பெர்னோ இருந்ததா, ஊர் முடிவு கட்டிவிட்டது.

கரம்குதா சாகும்வரை ஒரே பாட்டுத்தான் பாடினார். "முதல் போர்ல வந்த பெரிய பஞ்சத்துல துருக்கி உஸ்மானியச் சிப்பாய் ஒருத்தன் பசியோட ஊருக்குத் திரும்பி ஓடினான்யா. ஒரு பை ஓக்கு மரக்கொட்டை ரொட்டி குடுத்தேன், இதக் குடுத்துட்டுப் போனான். ஷா ஆளுங்க துப்பாக்கிய எல்லாம் பிடுங்கினப்போ புதைச்சு வச்சேன். ரெண்டாம் போர்ல ஷா ஓடினதும் தோண்டினேன்." கேட்டவன் எல்லாம் சிரித்தான்.

போன இலையுதிர் காலத்தில் சஃபர்கானின் மகன் ஹைதர்குலிக்கு உடம்பு முடியாமல் போய்த் தேறினார். எழுந்ததும் கேட்ட முதல் விஷயம், "எங்கப்பா துப்பாக்கி என் கைக்கு வரணும்." பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஆதாரம் காட்டு, இல்லையேல் துப்பாக்கியைக் கொடு, பகை தீர்ந்தது என்றார்கள். கொடுத்தால் என்ன அர்த்தம்? தாத்தா கொன்றார் என்று பேரனே ஒப்புக்கொண்ட மாதிரி!

ஷாமுராத் கர்மான்ஷாவுக்குப் பறந்தான். நானும் கூடப் போனேன். பழைய பட்டறைக்காரர் செத்துப்போய்விட்டார். அவர் மகன் எண்ணைப் பார்த்ததும், "1321-ஆ? பெர்னோதான்" என்றான். தட்டைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு ஷாமுராத் பாய்ந்தான்.

"கைய எடு! குறி தப்பிடும்! பன்னி சீசன் வருது!"

இவ்வளவுதான் என் மாப்பிள்ளை. தாத்தா மானம் ஒரு பக்கம், பன்றி ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமை தர்கா முற்றத்தில், கல்லறைகளை ஒட்டிக் கம்பளம் விரித்திருந்தார்கள். ஷாமுராத் துப்பாக்கியை நீட்டினான். முகம் செத்துக் கிடந்தது.

"எடுத்துக்கங்க மாமா. ஆனா எங்க தாத்தா கொல்லல."

ஹைதர்குலி வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். "இது என்னடா தகரக் குழாய் மேல உக்காந்திருக்கு? கழட்டு. எங்கப்பா தோள்ல தொங்கின மாதிரி வேணும்."

"தகரக் குழாயா? ரஷ்யக் கண்ணாடி மாமா அது!"

"எவன் கண்ணாடியா இருந்தா எனக்கென்ன, கழட்டு."

வண்டியிலிருந்து திருப்புளி எடுத்து வந்தேன். திருகு அசையவே இல்லை. என் தங்கை மஹ்தாஜ் பெண்கள் பக்கமிருந்து குரல் விட்டாள்: "பன்னி சுடத் தெரியுது, ஒரு திருகு கழட்டத் தெரியல!" ஒருவழியாகத் தட்டு பெயர்ந்தது. அடியில் கறுப்பு மசகு. ஹைதர்குலி தலைத்துணியால் துடைத்து, கட்டைவிரலால் தடவினார். விரல் நின்றது. மறுபடி தடவினார்.

"சிங்கம் எங்கடா?"

"எந்த சிங்கம்?"

"எங்கப்பா துப்பாக்கியில இந்த எடத்துல ஷா முத்திரைச் சிங்கம் நிக்கும். முதுகுல சூரியன். மடியில உக்காத்தி வச்சுக் காட்டுவார். வால்லேர்ந்து தலை வரைக்கும் தடவுவேன். இது என்ன, நூல் சிக்கின மாதிரி?"

தர்கா முல்லா குனிந்து பார்த்தார். "அடேய்! இது உஸ்மானிய சுல்தானோட முத்திரை! பாக்தாத்ல பழைய வாசல்ல பார்த்திருக்கேன்."

ஹைதர்குலியின் தம்பி மகன் ரஸ்தம் விடவில்லை. "அப்ப 1321? பஞ்சம் அதுக்கு ரொம்ப முன்னாடியாச்சே?"

மஹ்தாஜ் எழுந்தே விட்டாள். "ரஸ்தம், உன் பக்கத்துலதான் உன் கொள்ளுத்தாத்தா கல்லு. வருஷத்தைப் படி."

"1337."

"எதுல செத்தார்?"

"பஞ்சத்துல."

"உங்கப்பா கல்யாணம் எந்த வருஷம்?"

"1337..." ரஸ்தம் விழித்தான்.

"அப்ப கொள்ளுத்தாத்தா வந்து விருந்து சாப்பிட்டுப் போய்ப் படுத்தாராக்கும்?"

முற்றமே அதிர்ந்து சிரித்தது. பழைய கற்களில் இருப்பது பிறைக் கணக்கு; அதில் அதே எண் ஏறக்குறைய நாற்பது வருஷம் முந்தியே வந்துவிடும். இப்போதைய சூரியக் கணக்கு அப்புறம் வந்தது. கல்லறையில் எங்களுக்கு இது தெரியும், இரும்பில் யாருக்கும் தோன்றவில்லை! உஸ்மானியனும் பிறைக் கணக்குக்காரன். அவன் 1321 பஞ்சத்துக்கும் முந்தியது. கரம்குதா சொன்னது அத்தனையும் நிஜம்!

ஷாமுராத் என்னைக் கட்டிப்பிடித்து நெரித்தான்.

ஹைதர்குலி துப்பாக்கியை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். தன் அப்பாவைக் கொன்றது யார் என்று அவருக்கு இனித் தெரியப்போவதில்லை. நேராகக் கரம்குதாவின் கல்லுக்குப் போய், குனிந்து, விரல்களைக் கல்லில் வைத்து ஃபாத்திஹா ஓதினார். அந்தக் கல்லை அவர் தொட்டதை நாங்கள் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் சோளக் கொல்லையில் பன்றி இறங்கியது. ஹைதர்குலி முதல்முறையாக ஷாமுராத் பக்கத்தில் வந்து நின்றார். கொழுத்த ஆண்பன்றி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. மறுபடி மாட்டிய கண்ணாடி வழியே பார்த்து ஷாமுராத் சுட்டான். பன்றி ஓடிக்கொண்டே இருந்தது.

"தட்டக் கழட்டினா குறி தப்பும்னு சொன்னேன்ல!" என்று கத்தினான்.

ஹைதர்குலி மீசையைத் துடைத்தார். "இப்பப் புரியுதுடா, அந்த உஸ்மானியன் ஏன் இத ரொட்டிக்குத் தள்ளிட்டான்னு."