முன்படிக்கு ஒரு ஆட்சேபணை

எங்கட வீட்டு முன்படியளை நினைச்சாலே எனக்கு விசர் வருது. ஆறேழு படி, அதுவும் செங்குத்து. விக்ரோரியா மகாராணி காலத்து வீடு. செங்கல் சுவர், கூரை விளிம்பில மரத்தில லேஸ் பின்னினமாதிரி வேலைப்பாடு, ஒரு யன்னலும் ஒழுங்கா மூடாது. ரொறன்ரோவின்ர பழைய துறைமுகப் பக்கம் எங்கட தெரு முழுக்க இப்பிடித்தான். ஆக்கள் வந்து நிண்டு படமெடுப்பினம். படமெடுக்கிறவைக்கென்ன, உள்ள அடிக்கிற குளிர் தெரியுமே?

எங்கட சனம் ஸ்காபுரோ, மார்க்கம் எண்டு புறநகர்ப் பக்கம் கராஜ் வைச்ச வீடு வாங்க, என்ர மனுசன் மட்டும் இஞ்ச வந்து விழுந்தார். "அக்கா, கார் விட இடமில்லாத வீடு அத்தானுக்கு எப்பிடித்தான் பிடிச்சுதோ" எண்டு தங்கச்சி இண்டைக்கும் நக்கலடிப்பாள். இவருக்கு ஏரிக்கரை வேணும். பின்னேரம் வேலையால வந்து, தேத்தண்ணி குடிச்ச கையோட துறைமுகத்தடிக்கு நடந்துபோய், தீவுக்குப் போற கப்பலைப் பார்த்துக்கொண்டு நிக்கவேணும்.

பிறகு தெருமுனையில மாடிக்கட்டடம் வரப்போகுது எண்டு கதை அடிபட்டுது. இவர் அயலட்டை வெள்ளைக்காரரோட சேர்ந்து வீடு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கினார். கூட்டத்தில எழும்பி, "ஒரு வீட்டின்ர முகப்பை மாத்த விட்டா நாளைக்குத் தெருவே போயிடும்" எண்டு இங்கிலிசில முழங்கினார். எல்லாரும் கைதட்டிச்சினம். வீடுகளைப் பாரம்பரியச் சொத்தெண்டு பதிஞ்சாச்சு. அதைக் கவனிக்க ஒரு கொமிற்றியும் வந்தது. அண்டைக்கு நானும் பெருமையில புட்டவிச்சு அயலுக்கெல்லாம் குடுத்தனான்.

போன பனிக்காலம் இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடப்பக்கம் விழுந்திட்டுது, இனி வீல்செயார்தான். ஆஸ்பத்திரியால வரேக்க ரெண்டு பொடியள் கதிரையோட தூக்கி ஏத்திவிட்டாங்கள். அதுக்குப் பிறகு, டொக்டரிட்டப் போற நாளைத் தவிர, மனுசன் வாசலைத் தாண்டேல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள், பின்பக்கம் ஒழுங்கையும் இல்லை, முன்வாசல் ஒண்டுதான் வழி. யன்னலடியில இருந்து போற வாற நாயளைப் பார்ப்பார். சாப்பாடும் இல்லை, கதையும் இல்லை. எனக்கு அழுகை வந்தா, குசினிக்குள்ள போய்ச் சட்டியைப் போட்டு உரஞ்சுவன்.

வீல்செயார் இறங்கப் படிக்கு மேல சரிவா ஒரு ராம்ப் போடுவம் எண்டா கொமிற்றி விடுமே? முகப்பு மாறக்கூடாதாம். படிக்கட்டு மரக்கைப்பிடியில கை வைக்கக்கூடாதாம். போன் எடுத்தா இன்னொராளிட்ட மாத்திவிடுவினம், அவ லீவில நிப்பா. படம் கீறித் தரச் சொல்லிச்சினம், குடுத்தம். பிறகு ராம்புக்கு என்ன நிறம் எண்டு கேட்டினம். என்ன நிறமாயிருந்தா என்ன, கோதாரி! உள்ள ஒரு மனுசன் இருந்தபடியே உக்கிப்போறான், மரத்துக்கு மட்டும் பாதுகாப்பு. நல்ல ஞாயம்.

கடைசியா, பனியெல்லாம் கரைஞ்ச பிறகு, கொமிற்றியில இருந்து ஒரு பிள்ளை வீட்டுக்கே வந்தா. நல்ல பிள்ளை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள வந்தா. கழட்டிப் பூட்டக்கூடிய ராம்ப் எண்டா விடலாம், கைப்பிடியைப் பத்திரமா எடுத்து வைக்கலாம், அயலில ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லை எண்டு சொன்னா. எனக்கு அவவைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருந்தது. மாதாவே எண்டு கும்பிட்டிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினன்.

"எனக்கு ஆட்சேபணை இருக்கு," எண்டார் இவர்.

வாய் கொஞ்சம் கோணினாலும் இங்கிலிஸ் தெளிவு. முகப்பைக் கெடுக்கக்கூடாதாம், இண்டைக்கு எங்கட வீடு, நாளைக்கு அடுத்த வீடாம். அந்தப் பிள்ளை அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டிட்டுப் போயிட்டா.

கதவைச் சாத்தின உடன கத்தினன். "உங்களுக்கென்ன, மூளையும் விழுந்திட்டுதோ? உந்த மரக்கட்டை பெரிசோ, நீங்கள் பெரிசோ? நான் இவ்வளவு நாளும் நாய்படாப் பாடு பட்டது உதுக்கோ?"

அவர் யன்னலைப் பார்த்தபடி சொன்னார், "இஞ்சாரும், ராம்ப் போட்டா முடிஞ்சுது. நான் இனி நடக்கமாட்டன் எண்டு தெருவுக்கே தெரிஞ்சிடும்."

டொக்டர் அதைச் சொல்லேக்க ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்திலதான் இருந்தனாங்கள். வீட்டை வந்து ஒருநாளும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. கோடை வரட்டும், மெல்ல மெல்ல நடப்பியள் எண்டு நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன். கொமிற்றியோட சண்டை பிடிக்கலாம், இதோட ஆர் சண்டை பிடிக்கிறது?

கதிரைக்குப் பக்கத்தில நிலத்தில குந்தினன். விழுந்த கையை எடுத்து என்ர மடியில வைச்சன். நான் பிடிச்சது அந்தக் கைக்குத் தெரியாது.

"ஓம்," எண்டன். "நீங்கள் நடக்கமாட்டியள். அந்தப் பிள்ளைக்கு நான் போன் எடுக்கட்டோ, நீங்கள் எடுக்கிறியளோ?"

"போனைத் தாரும்," எண்டார்.